உங்களுக்குத் தெரியுமா? மன்னார் வீடும் கறையானும்

மன்னார்த் தீவில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் உப்புக்காற்றுக்கும் அடுத்ததாகப் புயலுக்கும் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கட்டி முடித்துச் சில வருடம் கழித்து நிலைக்காலைத் தட்டும்போது வெறும் கோதுச் சத்தம் கேட்கிறதே, அதை வரைபடம் போடும் நாளில் யாரும் நினைப்பதில்லை. நினைக்கிற சிலரும் 'மருந்து அடித்தால் சரி' என்று விட்டுவிடுகிறார்கள். இந்தத் தீவின் மணலையும் கிணற்றையும் அறிந்தவர்கள் அப்படி விடலாகாது. காரணம் கீழே வருகிறது.

கடல் காவல் இல்லை

"சுற்றிவரக் கடல், காலடியில் உப்பு மணல், கறையான் எங்கே வரப்போகிறது?" என்று கேட்போர் உண்டு. நெப்போலியன் சிறையிருந்து இறந்த சென் ஹெலனாத் தீவின் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1840ஆம் ஆண்டளவில் பிரித்தானியக் கடற்படை பிடித்து வந்த அடிமை வியாபாரக் கப்பலொன்றை அங்கே ஜேம்ஸ்டவுனில் உடைத்தார்கள். பலகையோடு கறையானும் கரையேறியது. சில பத்தாண்டுகளுக்குள் ஊரின் கூரை, தளம், கதவு, நூலகத்துப் புத்தகம் வரைக்கும் அரிபட்டுப் போயின. ஊரில் பெரும்பகுதியைத் திரும்பக் கட்டவேண்டி வந்தது. அத்திலாந்திக் நடுவில், நாற்புறமும் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தண்ணீரால் சூழப்பட்ட தீவுக்கே இந்தக் கதி.

மன்னாருக்கும் பெருநிலத்துக்கும் இடையில் தாம்போதி இருக்கிறது. மரமும் விறகும் தளபாடமும் லொறியில் நாளாந்தம் வருகின்றன. கறையானில் சில வகை படகு மரத்துக்குள்ளேயே கூடுகட்டிப் பயணம் செய்வதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பழைய வள்ளத்துப் பலகையைக் கோழிக்கூட்டுக்கோ பந்தலுக்கோ வளவுக்குள் எடுக்குமுன் ஒரு துண்டைப் பிளந்து பாருங்கள்.

வீட்டுக்குள் இருப்பது எந்த வகை?

உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் உண்டு. கட்டடங்களுக்குப் பெருஞ்சேதம் செய்பவை அவற்றில் எண்பது போலத்தான். நம் வீடுகளைப் பொறுத்தவரை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, புற்றுக் கறையான். மடு, முருங்கன் பக்கம் காட்டோரத்தில் எழும்பி நிற்கும் புற்றுகள் இவற்றின் வேலை. நிலத்துக்கு அடியில் காளான் வளர்த்து உண்பவை. வேலி, கிடுகு, நிலத்தில் கிடக்கும் மரம் எல்லாவற்றையும் தின்னும்.

இரண்டாவதுதான் கூடிய ஆபத்து. இதன் காவற்கறையானை ஒரு ஈர்க்கால் தொட்டுப் பாருங்கள். நெற்றியிலிருந்து பால்போல் வெள்ளைத் துளி கசியும். மண்ணுக்குள் தாய்க்கூடு இருக்கும், சுவருக்குள்ளால் கூரை வரை ஏறும். ஈரம் கசிகிற இடம் கிடைத்தால் மண்ணோடு தொடர்பே இல்லாமல் சுவருக்குள்ளேயே கிளைக்கூடு வைத்துவிடும். கூரை ஒழுக்கையும் குழாய்க் கசிவையும் உடனே திருத்தவேண்டும் என்பது இதற்காகவும்தான்.

மூன்றாவது, உலர்மரக் கறையான். இதற்கு மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மரத்துக்குள்ளேயே பிறந்து மரத்துக்குள்ளேயே வாழும். காற்றில் ஈரப்பதன் கூடிய கரையோரம் இதற்கு மிகவும் உவந்த இடம். ஆகவே மன்னார்க்காரர் இதைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். யன்னற்படியிலோ அலுமாரிக்குக் கீழேயோ கசகசா அளவில் சிறுமணிகள் குவிந்திருந்தால் தூசி என்று கூட்டித் தள்ளாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் தெரியும். அது கறையானின் எச்சம். மணி விழுந்த இடத்துக்கு நேர் மேலே மரத்தில் ஊசித்துளை இருக்கும். இதற்கு நிலத்தில் ஊற்றும் எந்த மருந்தாலும் பயனில்லை. அந்த மரத்துக்கே வைத்தியம் பார்க்கவேண்டும், அல்லது அந்தத் துண்டை மாற்றவேண்டும்.

மண்குழாயை உடைத்தவுடன் நடப்பது

அத்திவாரத்தில் பென்சில் தடிப்பில் ஏறும் மண்குழாயை நாலு விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு அங்கேயே இருந்து பாருங்கள். வெளிறிய வேலைக்காரக் கறையான்கள் வெளிச்சத்தில் தடுமாறி உள்ளே பின்வாங்கும். அடுத்த கணம் பெருந்தலைக் காவற்கறையான்கள் உடைந்த வாயில் வந்து நிற்கும். அவற்றின் முதுகுக்குப் பின்னால் வேலைக்காரர் ஒவ்வொரு மணல்துணிக்கையாகக் கொண்டுவந்து, உமிழ்நீரும் கழிவும் சேர்த்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி அடைக்கத் தொடங்கும். கண் தெரியாத பிராணிகள் இவை. வெளிக்காற்றுப் பட்டால் உடல் காய்ந்துவிடும் என்பதால்தான் இத்தனை அவசரம்.

குழாயை உடைப்பதால் கறையான் சாகாது. ஆனால் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. சில நாள் கழித்துப் பாருங்கள். அடைபட்டிருந்தால் கூட்டம் உயிரோடு வேலை செய்கிறது. அப்படியே உடைந்து கிடந்தால் அது கைவிட்ட பாதை, வேறு பாதை தேடவேண்டும்.

ஈசல் பறந்த மறுநாள் காலை

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஈசல் கிளம்பும். வெளியே எங்கோ புற்றிலிருந்து வந்து வாசல் விளக்கைச் சுற்றினால் பயமில்லை. கதவும் யன்னலும் பூட்டிக் கிடந்த அறைக்குள் காலையில் உதிர்ந்த சிறகு கிடந்தால், கூடு வீட்டுக்குள்தான். பறக்கும் எறும்போடு குழப்பிக்கொள்ளவேண்டாம். ஈசலின் நாலு சிறகும் ஒரே நீளம், இடுப்பும் ஒடுங்கியிராது.

கறையான் எறும்பு வம்சமே இல்லை

வெள்ளை எறும்பு என்று ஆங்கிலேயர் அழைத்தார்கள். எறும்போ கறையானுக்குப் பரம எதிரி. கறையானின் சொந்தக்காரர் உங்கள் குசினிக் கரப்பான். 2007இல் மரபணு ஆய்வு இதை நிறுவிய பிறகு, கறையானுக்கென்று இருந்த தனி வரிசையை எடுத்துவிட்டுக் கரப்பான் வரிசைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

கிணற்றை நினைத்து மருந்தைத் தொடுங்கள்

இந்தப் பத்தியில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

மன்னார்த் தீவின் நன்னீர் என்பது மணலுக்குள் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீர். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நன்னீரைத் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. அந்த ஒரு அடி குறைந்தால் கீழேயும் உப்பு ஏறும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் கிணறுகள் ஆழமில்லாமல் இருப்பதற்குக் காரணம், தண்ணீர் அவ்வளவு கிட்ட நிற்பதுதான். கனிய மணல் அகழ்வுக்கு எதிராக மன்னார் மக்கள் எழுப்பும் குரலுக்குள்ளும் இந்தத் தண்ணீரைப் பற்றிய கவலை இருக்கிறது.

இனி மருந்தின் அளவைப் பாருங்கள். கட்டுமுன் நிலத்துக்குக் கறையான் மருந்து ஊற்றுவதற்கான இந்தியத் தரநிர்ணயம் தரைக்குச் சதுர மீற்றருக்கு 5 லீற்றர் கரைசலும், அத்திவாரப் பக்கங்களுக்குச் சதுர மீற்றருக்கு 7.5 லீற்றரும் சொல்கிறது. போருக்குப் பிறகு வடக்கில் இந்திய உதவியில் எழுந்த வீடுகள் 550 சதுர அடி. அப்படியொரு சிறு வீட்டுக்கே தரைக்கு மட்டும் 250 லீற்றருக்கு மேல் வேண்டும். களிமண்ணும் உக்கலும் உள்ள நிலம் மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மன்னாரின் வெறும் மணலுக்கு அந்தப் பிடி குறைவு. இன்று பரவலாக விற்கும் இமிடாகுளோபிரிட் தண்ணீரில் நன்றாகக் கரையும், மணலில் கீழிறங்கும். பைபென்திரின் கரையாது, மண்ணோடு ஒட்டும். ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. பிப்ரோனிலும் இறால் இனத்துக்கு ஆகாது. கடலை நம்பி வாழும் ஊரில் மருந்து வாளியைக் கரையில் கழுவக்கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிணறும் மலக்குழியும் வீடும் ஒரே வளவுக்குள் நெருங்கி நிற்கும் காணியில் அது கடைசி வழியாக இருக்கவேண்டும். அத்திவாரத்தைச் சுற்றி ஊற்றுவதைவிட, கறையான் ஏறும் இடத்தில் மட்டும் துளையிட்டு அளவோடு செலுத்துவது நல்லது. மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

ஒரு காலத்தில் 'நல்ல மருந்து' என்றவை

அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டகுளோர். எங்கள் அப்பாமார் காலத்தில் கறையானுக்கு இவற்றைத்தான் நம்பினார்கள். ஊற்றினால் பல பத்து வருடம் மண்ணில் நிற்கும் என்பது அப்போது பெருமை. அதே காரணத்துக்காக 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. பின்னர் வந்த குளோர்பைரிபொஸையும் 2025 மே மாதம் சில விதிவிலக்குகளோடு அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கொட்டிலில் பெயர் அழிந்த பழைய ரின் ஏதும் இருந்தால் திறக்கவேண்டாம்.

கழிவு ஒயில் பூசுவதும் இதே சாதிதான். கொஞ்சக் காலம் மணம் நிற்கும், பிறகு கறையான் வரும். ஒயில் மட்டும் மண்ணில் தங்கிவிடும்.

மேசனிடம் கேட்கவேண்டியவை

கறையானைத் தடுக்கும் முதல் வேலை அத்திவாரத்திலேயே முடிந்துவிடும். மரத்துண்டு, சாக்கு, கொங்கிறீற்றுக்கு அடித்த பெட்டிப் பலகை எதையும் மண்ணுக்குள் விட்டு மூடக்கூடாது. மூடினால் நீங்களே முதல் விருந்து வைத்ததாக ஆகிவிடும். நிலத்துக்கும் வீட்டின் முதல் மரத்துக்கும் இடையில் ஒரு சாண் உயரமாவது வெறும் சீமெந்து கண்ணுக்குத் தெரியவேண்டும். அந்த ஒரு சாணைக் கடக்கத்தான் கறையான் மண்குழாய் கட்டுகிறது, அப்போதுதான் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. அழகுக்காகச் சுவரோடு மண்ணை அணைத்துப் பூமரம் வைத்தால் அந்தக் காட்சி மறைந்துபோகும்.

பொள்ளான சீமெந்துக் கல்லில் கட்டுகிறீர்களா? கல்லுக்குள் இருக்கும் வெற்றிடம் கறையானுக்கு மறைவான ஏணி. அத்திவாரத்துக்கு மேல் முதல் வரியின் பொள்ளலைக் கொங்கிறீற்று நிரப்பி அடைக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த வெடிப்பே அதற்குப் போதும் என்பதால், தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் தரையைத் துளைத்து வரும் இடங்களைக் கவனமாகப் பூசவேண்டும்.

அத்திவாரத்துக்கு மேல் துருவேறாத தகட்டைச் சுற்றிவர விரித்து, வெளிவிளிம்பை இரண்டு அங்குலம் நீட்டிச் சாய்வாகக் கீழே மடக்குவது அவுஸ்திரேலியாவில் பழைய வழக்கம். கறையானை அது கொல்லாது. சுற்றிப்போக வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். உப்புக்காற்றில் சாதாரணத் தகரம் தாங்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கதவு நிலைக்கும் யன்னல் நிலைக்கும் கொங்கிறீற்று வார்ப்பு இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. மண்ணோடு முட்டும் இடத்தில் அதைப் போட்டு, மரத்தைக் கதவுக்கும் கூரைக்கும் வைத்துக்கொள்வது என் கணக்கில் நல்ல சமரசம்.

மணலே கறையானைத் தடுக்குமா?

தடுக்கும், ஆனால் நம் கடற்கரை மணல் அல்ல. 1957இல் கலிபோர்னியாவில் எபெலிங், பென்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த விடயம் இது. துணிக்கை கறையானின் வாய்க்குத் தூக்கமுடியாத பருமனாகவும், இடையிலுள்ள சந்து அதன் தலை நுழையாத ஒடுக்கமாகவும் இருந்தால் அந்தப் படையை அது கடக்காது. ஹவாயில் எரிமலைக் கல்லை 1.7 முதல் 2.4 மில்லிமீற்றர் வரைக்கும் அரித்தெடுத்து வீட்டுக்கு அடியில் பரப்புகிறார்கள். மன்னார் மணல் அதைவிட மென்மை. கறையான் அதைத் தூக்கிக் குழாய் கட்டிவிடும்.

வைரமும் வெள்ளையும்

பாலை, முதிரை இரண்டும் மன்னார், வன்னிக் காடுகளின் சொத்து. இலங்கை றெயில் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டையாகப் போன மரம் பாலை. ஆனால் எந்தப் பேர்போன மரமானாலும் கறையானைத் தாங்குவது நடு வைரம்தான். சுற்றிவர உள்ள வெள்ளைப் பகுதியைத் தேக்கிலும் கறையான் தின்னும். இளந்தேக்கில் வைரம் குறைவு. விலை பேசும்போது மரத்தின் பெயரோடு நிற்காமல் அறுத்த முகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பனையில் இது தலைகீழ். வைரம் வெளியே, சோற்றி உள்ளே. மூத்த பனையின் கறுத்த வெளிநாரை மட்டும் எடுத்துச் சீவிய சலாகை, கூரை ஒழுகாத வீட்டில் தலைமுறை தாண்டி நிற்கும். சோற்றியை ஒட்டவிட்டுச் சீவினால் கறையானும் உளுவும் அந்தப் பக்கத்தால் உள்ளே போகும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கு அத்தனை ஆயிரம் பனைகள் விழுந்த பிறகு, வைரம் பாய்ந்த மூத்த பனை இன்று கிடைத்தற்கரிய பொருள். இருக்கும் பழைய சலாகையை வீடு மாற்றும்போது விறகாக்கிவிடாதீர்கள்.

மலிவு மரத்துக்கு நாட்டுமருந்துக் கடையிலேயே ஒரு வழி உண்டு: வெண்காரம். வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஈரம் காயாத மரத்தை ஊறவைத்தால் உள்ளே ஊறிப் பரவும். மழை படும் இடத்தில் கழுவுண்டு போகும், ஆகவே கூரைக்குள்ளும் அறைக்குள்ளும் மட்டும்.

கிடுகும் வாடியும்

கரைவலைக் காலத்துக்கு அடிக்கும் வாடி ஒரு பருவம் தாங்கினால் போதும். அதற்குக் கறையான் ஒரு பிரச்சினையே இல்லை. வருடத்துக்கு வருடம் கூரையையும் வேலியையும் மாற்றி, இற்ற கிடுகைத் தோட்டத்துக்கு உரமாகத் தாழ்த்த எங்கள் முன்னோர், கறையானோடு சண்டை பிடிக்காமல் கணக்கு முடித்தவர்கள். நிரந்தர வீட்டுச் சுவரோடு அதே கிடுகு வேலியைக் கொண்டுபோய் முட்டவைப்பதுதான் பிழை. ஒரு முழம் இடைவெளி விடுங்கள்.

ஆளில்லா வீடு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்களும் அடக்கம். பலர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போனார்கள். அதே வருடம் தலைமன்னார், பேசாலைக் கரையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் படகேறி இராமேஸ்வரம் போயின. பூட்டிய கதவுகள் வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தன. ஆளுள்ள வீட்டில் விளக்குமாறு தினமும் மண்குழாயைத் தட்டிவிடும், ஒழுக்கைக் கண் பார்த்துவிடும். ஆளில்லாத வீட்டில் மழை உள்ளே வரும், மழை வந்த இடத்துக்குக் கறையான் வரும். வெளிநாட்டில் இருப்போர் இன்றும் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். மாரிக்கு முன்னும் பின்னும் ஒருவர் உள்ளே போய் ஒவ்வொரு அறைச் சுவரையும் பார்த்து வர ஒழுங்கு செய்யுங்கள். காணி உறுதியைச் சுவரோடு ஒட்டிய மர அலுமாரியில் வைக்கவேண்டாம். இரும்புப் பெட்டியில் வைத்து, பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

இரும்பு அறை இருந்தாலும் பார்க்காவிட்டால் பயனில்லை என்பதற்கு 2011இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி சாட்சி. அங்கே ஒரு வங்கிக் கிளையில் ஏறத்தாழ ஒரு கோடி இந்திய ரூபாய் பெறுமதியான நோட்டுகளைக் கறையான் தின்றிருந்தது.

கேதீச்சரப் பதிகம் தப்பிய கதை

திருக்கேதீச்சரத்தின் மேல் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் நம்மிடம் இருக்கின்றன. தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததாகவும், இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எஞ்சியதை மீட்டதாகவும் திருமுறை மரபு சொல்கிறது. அரிபட்டவை எத்தனை தலத்துக்குரியவையோ! கேதீச்சரம் நிற்கும் மாதோட்டத்துப் பாடல்கள் தப்பின என்பதில் மன்னாருக்கு ஒரு ஆறுதல்.

நப்தலீன் உருண்டை வேலை செய்யாது

தாய்வானின் பழைய பெயரால் அழைக்கப்படும் ஒரு கறையான் தன் கூட்டுக்குள்ளேயே நப்தலீன் வைத்திருப்பதை 1998இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. எறும்பையும் பூஞ்சணத்தையும் தள்ளிவைக்க அது வைத்திருக்கிறது போலும். அலுமாரியில் உருண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை

சில வகைக் குமிழ்முனைப் பேனை மையில் உள்ள ஒரு கரைப்பான், கறையானின் தடவாசனையைப் போலவே இருக்கும். தாளில் வளைகோடு கீறி, கறையான் இரண்டை விட்டால் கோட்டின் மேலேயே நடக்கும். எல்லாப் பேனையும் சரிவராது, நாலைந்தை முயன்று பாருங்கள்.

கரடிக்கு முன்பல் இரண்டு இல்லை

மன்னார் மாவட்டத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய வில்பத்துக் கரடிகளுக்கு மேல்வாயின் நடுமுன்பல் இரண்டும் கிடையாது. புற்றைக் கிண்டி, மண்ணை ஊதித் தள்ளி, அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சும். உறிஞ்சும் சத்தம் நூறு மீற்றருக்கும் அப்பால் கேட்கும். காட்டுப் புற்றை இடிக்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. உக்கிய மரத்தை மண்ணாக்கிக் காட்டுக்குத் திருப்பிக் கொடுப்பது அதற்குள் வாழும் கறையான்தான்.

கூட்டமே உண்டு சாகும் இரை

நிலத்தை நனைக்காத முறையும் உண்டு. தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்தை மரத்தூளில் கலந்து, சிறு பெட்டிகளில் வீட்டைச் சுற்றிப் புதைப்பார்கள். புளோரிடாவில் நான்-யாவ் சூ என்ற ஆய்வாளர் உருவாக்கிய இந்த வழி 1995இல் சந்தைக்கு வந்தது. கறையான் தின்று, கூட்டத்தோடு பகிர்ந்து, அடுத்த தோலுரிப்பில் சாகும். மருந்தின் அளவு கிராம் கணக்கில். வேலை முடியச் சில மாதம் பிடிக்கும், செலவும் கூட. கிணற்றடிக் காணிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உலர்மரக் கறையானுக்கு இது உதவாது.

யாரைக் கூப்பிட்டு எந்த வேலை செய்வித்தாலும், என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி, கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று நாலையும் எழுதி வாங்கிக் காணி உறுதியோடு வையுங்கள். நாளைக்கு அந்த வளவில் புதுக்கிணறு தோண்டுகிறவருக்கு அது வேண்டும்.